பூங்காவில் ஒரு பேச்சுப் பலகை

(மூன்றாமாண்டு, சிவில்)



எந்த ஊர்ப் பூங்காவுக்குப் போனாலும் நம்மிடம் முதலில் பேசுவது போர்டுதான். "பூக்களைப் பறிக்காதீர்." "புல்தரையில் நடக்காதீர்." "பெரியவர்கள் ஊஞ்சலில் அமரக் கூடாது." எல்லாம் நல்ல விஷயங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? அத்தனை போர்டும் பூங்கா நம்மைப் பார்த்துச் சொல்வது. நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள உதவுகிற போர்டு ஒன்றுகூடக் கிடையாது. "நமக்கு எதுக்குப்பா போர்டு? அதான் வாய் இருக்கே!" என்பீர்கள். வாஸ்தவம். வாய் இருந்தும் வார்த்தை வராதவர்கள் என்ன செய்வார்கள்?

பேச்சால் தொடர்பு கொள்ள முடியாதவர்களுக்கும் பூங்காவைச் சொந்தமாக்க ஒரு வழி உண்டு. அதற்குப் பெரிய திட்டமோ, பெரிய இயந்திரமோ வேண்டாம். நம் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் சாமான்களைக் கொண்டே செய்துவிடலாம். அதை எப்படிச் செய்வது, செய்தபின் எப்படிப் பழக்குவது என்பதே இக்கட்டுரை.

யார் இவர்கள்?

"பேச முடியாதவர்" என்றதும் நமக்குக் காது கேளாதவர் மட்டுமே ஞாபகத்துக்கு வருகிறார். உண்மையில் பட்டியல் பெரியது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சிலருக்குப் பேச்சு வராது, அல்லது வேண்டிய நேரத்தில் வராது. மூளை முடக்குவாதம் உள்ளவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும். நாக்கும் உதடும் சொன்னபடி கேட்காது. திக்குவாய் உள்ளவர், அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ளவர், பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு இழந்த பெரியவர் எல்லோரும் இதில் அடக்கம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களில் பேச்சுக் குறைபாடு உள்ளவர்கள் ஏறத்தாழ 20 லட்சம், செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் ஏறத்தாழ 50 லட்சம். ஆட்டிசம் அப்போது தனிக் கணக்காக எடுக்கப்படவே இல்லை.

பக்கவாதம் வந்த பெரியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் காலை நடைக்குப் பூங்காவுக்கு வருபவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். 1861-ல் பாரிஸ் நகரில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வந்தது "டான்" என்ற ஒரே ஒலிதான். ஆனால் பிறர் பேசுவது அவருக்குப் புரிந்தது. அவர் இறந்த பிறகு மூளையைச் சோதித்ததில் இடது முன்பகுதியில் பாதிப்பு தெரிந்தது. ஆக, பேச்சு போனால் புத்தியும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. எங்கள் தெருவிலும் ஒரு ஓய்வுபெற்ற பெரியவர் இருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு அவரால் சொல்ல முடிவது "சரி சரி" மட்டுமே. மறுக்க வேண்டுமென்றாலும் "சரி சரி"தான்! கடைக்காரர் தப்பான சில்லறை கொடுத்தாலும் "சரி சரி"தான். அவர் முகத்தைப் பார்த்தால்தான் அது எந்த "சரி" என்று தெரியும். பார்க்கத்தான் ஆளில்லை.

ஊஞ்சலில் நடந்தது

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்தது என் சித்தி மகனால். அவனுக்கு 8 வயது. ஆட்டிசம் உண்டு, பேச்சு இல்லை. ஊஞ்சல் என்றால் உயிர். ஒருநாள் மாலை பூங்காவில் அவனை ஊஞ்சலில் உட்கார வைத்திருந்தோம். பக்கத்தில் நின்ற ஒரு பையன், நல்ல பையன்தான், "நான் தள்ளி விடறேன்" என்று ஆசையாகத் தள்ளினான். கொஞ்சம் வேகம் கூடியது. தம்பி சத்தம் போட்டான். அது சந்தோஷக் கூச்சல் என்று நினைத்து அந்தப் பையன் இன்னும் வேகமாகத் தள்ளினான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். தம்பி தன் கையைத் தானே கடித்துக்கொண்ட பிறகுதான் சித்தி ஓடிப்போய் ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தினார்.

காவலாளி வந்தார். "பேசத் தெரியாத புள்ளைய ஏம்மா இங்கெல்லாம் கூட்டிட்டு வர்றீங்க?" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். அதற்குப் பிறகு 6 மாதம் சித்தி அந்தப் பூங்கா இருக்கும் பக்கமே போகவில்லை.

நண்பர்களே, அங்கே யார் கெட்டவர்? யாருமில்லை. தள்ளிய பையன் அன்பாகத் தள்ளினான். கைதட்டியவர்கள் மகிழ்ச்சியோடு தட்டினார்கள். ஒரே ஒரு சொல்தான் அங்கே இல்லாமல் போனது: "நிறுத்து." அந்த ஒரு சொல்லைச் சொல்ல வழியில்லாததால் ஒரு குழந்தைக்கு 6 மாத விளையாட்டு போயிற்று. "வேணும்" என்று கேட்பதைவிட "வேணாம்" என்று சொல்ல முடியாமல் போவதுதான் பெரிய ஆபத்து. தெரியாதவர் கையைப் பிடித்து இழுத்தால்? வயிறு வலித்தால்? சறுக்கு மரம் வெயிலில் சுட்டால்? நாம் வாயைத் திறந்து கத்துகிறோம். அவன்?

படமே சொல்லாக...

பேச்சுக்குப் பதில் படத்தைக் கைகாட்டிப் பேசலாம் என்பது நமக்கு அந்நியமான விஷயமே அல்ல. 1951-52-ல் நடந்த நம் முதல் பொதுத்தேர்தலை எண்ணிப் பாருங்கள். அப்போது நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்குச் சுமார் 18 பேர். கோடிக்கணக்கான பேர் பெயரைப் படிக்காமலேயே, பெட்டியில் ஒட்டியிருந்த சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள். ஒரு படத்தால் ஓர் அரசாங்கத்தையே தேர்ந்தெடுக்க முடியும் என்றால், ஒரு படத்தால் "தண்ணி வேணும்" என்று கேட்க முடியாதா?

இதை ஒரு மொழியாகவே அமைத்தவர் ஓர் என்ஜினீயர் என்பது நமக்கெல்லாம் பெருமை. சார்லஸ் பிளிஸ் 1897-ல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்தவர், வியன்னாவில் ரசாயனப் பொறியியல் படித்தவர். யூதர் என்பதால் 1938-ல் நாஜி வதைமுகாமில் அடைக்கப்பட்டு, விடுதலையாகிச் சீனாவின் ஷாங்காய் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே கடைப் பலகைகளில் இருந்த சீன எழுத்துகள் அவரை யோசிக்க வைத்தன. ஒலியை எழுதாமல் பொருளையே எழுதினால், வெவ்வேறு மொழிக்காரர்களும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வார்கள், சண்டையும் குறையும் என்று நம்பினார். ஆஸ்திரேலியாவில் குடியேறி, தாம் உருவாக்கிய குறியீடுகளை 1949-ல் நூலாக வெளியிட்டார். உலகம் கண்டுகொள்ளவில்லை! 20 வருடத்துக்கு மேல் கழித்து, 1971-ல் கனடாவின் டொரன்டோவில், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஷர்லி மெக்நாட்டனும் அவர் குழுவினரும் அந்தக் குறிகளை எடுத்துப் பலகையில் ஒட்டிக் கொடுத்தார்கள். அதுவரை "ஆமாம், இல்லை" மட்டும் சொல்லி வந்த பிள்ளைகள் வாக்கியமாகப் பேசத் தொடங்கினார்கள்.

நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், 1985 முதல் சென்னையில் இயங்கிவரும் வித்யா சாகர் நிறுவனத்தின் அனுபவத்தைத் துணையாகக் கொண்டு "ஆவாஸ்" என்ற பேசும் கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் அது குரலாகப் பேசும். இதற்காக 2011-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பத்திரிகை அவரை 35 வயதுக்குட்பட்ட சிறந்த கண்டுபிடிப்பாளர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. இன்று அது செயலியாகத் தமிழிலும் கிடைக்கிறது.

"அப்படியானால் ஆளுக்கொரு டேப்லெட் போதுமே, பலகை எதற்கு?" என்று கேட்கலாம். மணலில் விளையாடும் பிள்ளை கையில் டேப்லெட்டைக் கொடுக்கத் தாய்க்கு மனம் வருமா? வெயிலில் திரை தெரியாது, சார்ஜ் தீரும், கீழே விழுந்தால் உடையும். எல்லா வீட்டிலும் வாங்கவும் முடியாது. பூங்காவில் நட்ட பலகைக்கு மின்சாரம் தேவையில்லை. முக்கியமாக, அது எல்லோருக்கும் பொது. ஊஞ்சலைப் போல, குடிநீர்க் குழாயைப் போல. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் விளையாட்டுத் திடல்களில் இத்தகைய பலகைகளை நட்டு வருகிறார்கள்.

பலகையில் என்ன எழுதுவது?

இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். பூங்கா என்றதும் மரம், பூ, மயில், மான் என்று படங்களை நிரப்பிவிடுவார்கள். அது சார்ட் பேப்பர். பேச்சுப் பலகை அல்ல. நாம் ஒரு நாளில் பேசுவதைக் கவனித்தால், திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சில நூறுதான். வேணும், வேணாம், வா, போ, இன்னும், என்ன, எங்கே... இவற்றைக் கருச்சொற்கள் என்று சொல்லலாம். பெயர்ச்சொல்லை மட்டும் கொடுத்தால் பிள்ளை "ஊஞ்சல்" என்று காட்டும். ஊஞ்சல் வேணுமா, வேணாமா, பயமா, போதுமா? தெரியாது. ஆகவே கருச்சொல்லுக்குப் பாதிக்கு மேல் இடம் தர வேண்டும்.

அடுத்தது, எந்தத் தமிழ்? "வேண்டும்" என்று எழுதுவதா, "வேணும்" என்று எழுதுவதா? தமிழாசிரியர்கள் என்னை மன்னிக்க வேண்டும்: "வேணும்"தான்! அறிவிப்புப் பலகை ஊருக்கு அறிவிப்பது, அதில் செந்தமிழ் இருக்கட்டும். பேச்சுப் பலகை ஒரு பிள்ளையின் வாய். வீட்டில் காதால் கேட்கிற சொல்லே வாயிலும் இருக்க வேண்டும். "எனக்கு நீர் வேண்டும்" என்று எந்தப் பிள்ளையாவது அம்மாவிடம் கேட்கிறதா? ஊருக்கு ஊர் சொல்லும் மாறும். ஆகவே அந்தத் தெருப் பிள்ளைகளிடமே கேட்டு எழுத வேண்டும்.

தமிழின் அமைப்பும் இதற்கு நன்றாக ஒத்து வருகிறது. "ஊஞ்சல்", "வேணும்" என்று இரண்டே தொடுதலில் முழு வாக்கியம் ஆகிவிடும். "நான்" என்று சொல்லக்கூடத் தேவையில்லை. "அம்மா", "வா". "தண்ணி", "இன்னும்". "தள்ளு", "வேணாம்" என்று காட்டினால் இலக்கணம் இடிக்கும். இடிக்கட்டும், அர்த்தம் புரிகிறதல்லவா?

நான் தயாரித்த 48 சொல் பட்டியல் இதோ, கீழ் வரிசையிலிருந்து மேலாக:

1. வேணும், வேணாம், நிறுத்து, இன்னும், உதவி, போதும், ஆமா, இல்ல.
2. நான், நீ, அம்மா, அப்பா, ஃப்ரெண்டு, யாரு, என்ன, எங்கே.
3. வா, போ, தள்ளு, ஏறு, இறங்கு, உட்காரு, பாரு, விளையாடலாம்.
4. மெதுவா, வேகமா, சுடுது, பயமா இருக்கு, வலிக்குது, பசிக்குது, கோவம், சந்தோஷம்.
5. ஊஞ்சல், சறுக்கு மரம், சீசா, ராட்டினம், தண்ணி, பாத்ரூம், வீடு, என் டர்ன்.
6. மரம், பூ, அணில், காக்கா, நாய், பந்து, மேகம், ஐஸ்.

அவசரச் சொற்கள் கீழே இருப்பதற்குக் காரணம் உண்டு. 3 வயதுக் குழந்தைக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் எட்ட வேண்டியது "நிறுத்து"தான், "மேகம்" அல்ல.

சொல் வகைக்கு ஒரு நிறம் கொடுக்கும் வழக்கம் உலகெங்கும் உள்ளது. காது கேளாத ஆசிரியை எடித் ஃபிட்ஸ்ஜெரால்டு வகுத்த பாட முறையிலிருந்து வளர்ந்தது அது. ஆட்களுக்கு மஞ்சள், செயலுக்குப் பச்சை, தன்மைக்கு நீலம், பொருளுக்கு ஆரஞ்சு, பழகும் சொற்களுக்கு இளஞ்சிவப்பு. நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் உண்டு என்பதால் நிறத்தை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு கட்டத்திலும் படமும் சொல்லும் இரண்டும் இருக்க வேண்டும். ஸ்பெயினின் அரகோன் மாநில அரசு "அராசாக்" என்ற பெயரில் ஆயிரக்கணக்கான படங்களை, வியாபாரம் அல்லாத உபயோகத்துக்கு இலவசமாகத் தருகிறது. பெயர் குறிப்பிட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நம் பிள்ளைக்கு நம் ஊர்க் குடிநீர்க் குழாயும், நம் ஊர்க் கழிப்பறையும்தான் தெரியும். அந்த மாதிரி படங்களை நம் டிராயிங் புலிகள் வரைந்துவிட மாட்டார்களா என்ன!

அளவும் சாமானும்

இனி நம் பாடத்துக்கு வருவோம்.

கட்டம்: 13 செ.மீ. சதுரம், இடைவெளி 2 செ.மீ. விரல் நடுங்கினாலும் பக்கத்துக் கட்டத்தில் படாது. குறுக்கே 8, நெடுக்கே 6. குறுக்கே 104 + 14 = 118; இருபுறமும் 1 செ.மீ. ஓரம் விட்டால் 120 செ.மீ. நெடுக்கே 78 + 10 = 88; ஓரம் 2 செ.மீ. வீதம் விட்டால் 92 செ.மீ. ஆக, பலகை 120 × 92 செ.மீ. 8 அடிக்கு 4 அடி ஏ.சி.பி. ஷீட் ஒன்றில் இரண்டு பலகை வெட்டலாம். ஒன்று குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு. இன்னொன்று நடைபாதை ஓரம் பெரியவர்களுக்கு. அதில் ஊஞ்சலுக்குப் பதில் "மயக்கமா இருக்கு", "மகனைக் கூப்பிடு", "உட்காரணும்", "மாத்திரை" என்று மாற்றினால் போதும்.

உயரம்: அடி விளிம்பு தரையிலிருந்து 45 செ.மீ. அப்போது ஐந்தாவது வரிசையின் மையம் 113.5 செ.மீ.-ல் வரும். சக்கர நாற்காலியில் இருந்து கை எட்டும் உயரம் சுமார் 120 செ.மீ. ஆறாவது வரிசைதான் எட்டாது. அதனால்தான் அங்கே அணிலும் காக்காயும்!

முன்தளம்: பலகைக்கு முன் 1.5 மீட்டர் சதுரம் சமதளம். சக்கர நாற்காலி திரும்ப அவ்வளவு இடம் தேவை. மணல் கூடாது, சக்கரம் புதையும்.

இடம்: கேட்டருகே வைத்தால் பிரயோஜனமில்லை. சொல் தேவைப்படுவது ஊஞ்சலடியில். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் வேண்டாம். பக்கவாட்டில், தூணிலிருந்து 2 மீட்டராவது தள்ளி நட வேண்டும்.

திசை: பிள்ளைகள் வருவது மாலை. மேற்கு பார்த்து வைத்தால் பலகை சூடேறிப் பளபளக்கும். கிழக்கு பார்த்து வைத்தால் பார்ப்பவர் கண்ணில் சூரியன். ஆகவே வடக்கு பார்த்து, முடிந்தால் வேப்பமர நிழலில்.

சாமான்: ஃப்ளெக்ஸ் வேண்டாம், வெயிலில் வெளுத்துக் கிழியும். வினைல் பிரிண்ட் எடுத்து, மேல் மேட் லேமினேஷன். பளபளப்பு லேமினேஷன் கண்ணைக் கூசும். பின்னால் 25 மி.மீ. ஸ்கொயர் டியூப் ஃப்ரேம், இரண்டு ஜி.ஐ. பைப் கால்கள், அடியில் 1:2:4 கான்கிரீட். ஏ.சி.பி. ஓரம் கையைக் கிழிக்கும். ஆகவே மூலைகளை வளைத்து, ஓரத்துக்கு பீடிங் கட்டாயம். வெளியே நீட்டும் போல்ட்டுக்கு டூம் நட்.

மேற்கண்டவற்றில் நமக்குத் தெரியாதது எது? ஒன்றுமில்லை!

பலகை மட்டும் போதுமா?

போதாது. யாரும் தொடாத பலகை இன்னொரு போர்டுதான். சித்தி மகனுக்கு ஏ4 அட்டையில் 12 கட்டம் போட்டு, லேமினேட் செய்து கொடுத்தேன். முதல் வாரம் அட்டையின் மூலையைக் கடித்தான். இரண்டாம் வாரம் தூக்கி எறிந்தான். சித்தி விடவில்லை. அவனைத் தொடச் சொல்லாமல், தான் பேசும்போதெல்லாம் தானே தொட்டுக் காட்டினார். "தண்ணி வேணுமா?" என்றால் இரண்டு கட்டத்தையும் தொட்டார். நாலாம் வாரம், வீட்டு வாசலில் நான் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அட்டையை இழுத்து ஒரு விரலை "நிறுத்து" மேல் வைத்தான். நான் நிறுத்தினேன். என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் "இன்னும்". தள்ளினேன். மறுபடி "நிறுத்து". அன்றைக்கு அரை மணி நேரம் என்னை ஆட்டி வைத்தான்!

நாம் பேசப் பழகியதும் இப்படித்தானே? ஒரு வருடம் சுற்றியிருப்பவர்கள் பேசுவதைக் கேட்ட பிறகுதான் முதல் சொல் வந்தது. பலகையில் பேசும் பிள்ளைக்கும் பிறர் பலகையில் பேசுவதைப் பார்க்கும் வாய்ப்பு வேண்டும். ஆகவே பூங்காவுக்கு வரும் எல்லோருக்கும் 4 பழக்கங்கள்:

ஒன்று, நீங்களும் தொட்டுப் பேசுங்கள். பேச முடிந்த பிள்ளைகளும் அதில் விளையாடட்டும்.
இரண்டு, காத்திருங்கள். கேள்வி கேட்டதும் மனதுக்குள் 10 எண்ணுங்கள். அதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டால் பாதி வந்த பதிலும் போய்விடும்.
மூன்று, கூட வந்தவரைப் பார்த்து "இவனுக்கு என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள். அவனைப் பார்த்தே கேளுங்கள்.
நான்கு, "வேணாம்" என்று காட்டினால் உடனே கேளுங்கள். ஒருமுறை பலிக்காத சொல்லை மறுமுறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

காவலாளிக்கும் அரை மணி நேரப் பயிற்சி தேவை. காணாமல் போன பிள்ளை பேசாத பிள்ளையாக இருந்தால் "உன் பேர் என்னடா?" என்று அதட்டிப் பயனில்லை. பலகைக்கு அழைத்துப் போய் "அம்மா", "எங்கே", "தண்ணி" என்று தொட்டுக் காட்டலாம். தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசலாம். நுழைவாயிலில் பூங்காவின் படவரைபடம், இரைச்சலில்லாத ஒரு மூலை, ஒலிபெருக்கிச் சத்தம் குறைவு ஆகியவையும் சேர்ந்தால் ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

சில சந்தேகங்கள்

"படத்தைக் காட்டிப் பழகினால் பேச்சே வராமல் போயிடாதா?" பெற்றோர் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. 2006-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு இத்தகைய முறைகளில் பயின்ற 27 பேரின் விவரங்களை அலசியது. ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை; 89 சதவீதம் பேருக்குச் சிறிதளவாவது கூடியிருந்தது. நடைவண்டி பிடித்த பிள்ளை நடக்காமலா போகிறது?

"எங்க ஊர்ப் பூங்காவுக்கு அப்படிப்பட்டவங்க யாரும் வர்றதில்லையே!" வர வழியில்லாததால் வரவில்லை. சாய்வுதளம் இல்லாத கட்டடத்தில் சக்கர நாற்காலி தென்படாதது போலத்தான் இதுவும். 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறந்தபோது, அதுவரை கடலைத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள் சக்கர நாற்காலியில் அலை அருகே போனார்கள். சக்கரத்துக்குப் பாதை போட நாம் கற்றுக்கொண்டோம். பேச்சுக்கும் ஒரு பாதை போட வேண்டும்.

"இதெல்லாம் தர்மம்தானே, சட்டமா?" சட்டம்தான். 2007-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 30-வது பிரிவு விளையாட்டையும் பொழுதுபோக்கையும் மாற்றுத்திறனாளியின் உரிமை என்கிறது. நம் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பேச்சு, மொழிக் குறைபாடும் ஆட்டிசமும் அவற்றில் உண்டு. அச்சட்டத்தில் "தொடர்பு" என்ற சொல்லின் விளக்கத்திலேயே சைகை மொழி, எளிய மொழி, மாற்றுத் தொடர்பு முறைகள் எல்லாம் இடம்பெற்றுள்ளன. 29-வது பிரிவு, பொழுதுபோக்கில் சம பங்குக்கு அரசும் உள்ளாட்சியும் வழி செய்ய வேண்டும் என்கிறது. 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே நகராட்சி ஆணையரிடம் நாம் மனு கொடுக்கப் போவது சலுகை கேட்டு அல்ல.

நாம் என்ன செய்யலாம்?

நம் பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான். வரும் விடுமுறைக்குள் ஒரு பலகை. சிவில் மாணவர்கள் இடம் பார்த்து, அளவெடுத்து, அஸ்திவாரம் போடட்டும். மெக்கானிக்கல் நண்பர்கள் ஃப்ரேமை வெல்டு செய்யட்டும். கம்ப்யூட்டர் பிரிவு படங்களை அமைக்கட்டும். எலெக்ட்ரிகல் காரர்களுக்கு வேலை இல்லையே என்று வருந்த வேண்டாம், பெரியவர்கள் பலகையருகே உதவிக்கு அழைக்க ஒரு காலிங் பெல் அவர்கள் பொறுப்பு! ஆனால் எதையும் வெட்டுவதற்கு முன், நம் ஊரில் இருக்கும் பேச முடியாத பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் சிறப்புப் பள்ளி ஆசிரியர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து, 48 சொல்லில் எது இருக்கணும், எது போகணும் என்று கேட்க வேண்டும். முதலில் காகிதத்தில் அச்சடித்து ஒரு மாதம் சோதித்த பிறகுதான் ஷீட்டை வெட்ட வேண்டும்.

மூன்று வருடம் படித்து ஒரு டிப்ளமா வாங்கிக்கொண்டு போகிறோம். எத்தனையோ ஃபைல், எத்தனையோ டிராயிங். அவை பெரும்பாலும் பரணுக்குத்தான் போகும். ஒரு பலகை மட்டும் இந்த ஊரில் நிற்கட்டும். முன்பின் தெரியாத ஒரு பிள்ளை அதில் "நிறுத்து" என்று தொடும்போது ஊஞ்சல் நிற்க வேண்டும். நம் படிப்புக்கு அதைவிட நல்ல வைவா வேறில்லை.

வாருங்கள் தோழர்களே, அளவு நாடாவை எடுங்கள்!